மூன்று ஆழாக்கு அரிசியும் ஓர் ஆஸ்பத்திரி ராத்திரியும்

2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை ராத்திரி முழுக்க கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருந்தேன். வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை, பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சொல்லவில்லை. சோற்றைக் கொட்ட மனசு வராமல் சாப்பிட்டு, அதனால் வாந்தி நிற்காமல் படுத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு ராத்திரிக்கு பில் 14,300 ரூபாய். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் புயலில் கரண்ட் போய்க் கெட்டுப்போன பிரிட்ஜ் பொருளையெல்லாம் பையில் கட்டித் தூக்கிப் போட்டிருந்தேன், அது கிட்டத்தட்ட 3,900 ரூபாய். ஒரே மாதத்தில் முதலில் சாப்பாட்டை வீணாக்கிவிட்டோமே என்று அழுதேன், அப்புறம் வீணாக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்ததற்காக அழுதேன். இதையெல்லாம் முன்பே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில், இரண்டாவது மாடி. நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் திரும்பி வர ஏழு மணி ஆகிவிடும். 2021 கடைசி வரை வீட்டில் நான்கு பேர். அவர் அந்த நவம்பரில் மஸ்கட் போனார். அடுத்த செப்டம்பரில் பையன் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனான். 2023 ஏப்ரலில் அத்தை, அதாவது என் மாமியார், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஒன்றரை வருஷத்துக்குள் நான்கு பேர் இருந்த வீட்டில் நான் ஒருத்தி. அரிசி டப்பாவுக்குள் அத்தையின் பித்தளை ஆழாக்கு ஒன்று எப்போதும் கிடக்கும். நாலு பேருக்கு மூன்று ஆழாக்கு, இருபது வருஷமாக அதுதான் கணக்கு. ஆள் குறைந்தார்களே தவிர கை குறையவில்லை. மூன்று இரண்டாக ஆனது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு ஆழாக்கு மட்டும் போட்டால் குக்கர் அடியில் கொஞ்சூண்டு அரிசி கிடக்கும், அதைப் பார்த்தாலே நெஞ்சை என்னவோ செய்யும். இப்போது யோசித்தால் தெரிகிறது, அந்த இரண்டாவது ஆழாக்கு பசிக்காகப் போட்டதில்லை. வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொள்ளப் போட்டது.

அதோடு நாம் வளர்ந்த விதமும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அரிசி தீர்ந்துபோனால்கூட ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள், ‘அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கணும்’ என்பார்கள். யாராவது சாப்பிடும்போது கரண்டி பாத்திரத்தின் அடியில் உரசும் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும். திடீரென்று ஒருவர் வந்தால் அவருக்கும் ஒரு பிடி இருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடிக்கும். ஆனால் எங்கள் அடுக்குமாடியில் மூன்று வருஷத்தில் முன்கூட்டிப் போன் பண்ணாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணினேன், இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்காக ஆயிரம் நாள் கூடுதலாகச் சமைத்திருக்கிறேன். யாராவது வந்தால் ரவை இருக்கிறது, முட்டை இருக்கிறது, பதினைந்து நிமிஷத்தில் உப்புமாவோ ஆம்லெட்டோ ஆகிவிடும். வராத விருந்தாளிக்குச் சமைத்து வைப்பதைவிட, வந்தால் சமைக்க ஒரு பொருளை அலமாரியில் வைத்திருப்பது எவ்வளவோ மேல். இது புரிய எனக்கு 45 வயது ஆனது.

சரி, புயலுக்கு வருகிறேன். மிக்ஜாம் வருகிறது என்று தெரிந்ததும் டிசம்பர் 2ஆம் தேதி சனிக்கிழமை எல்லோரையும் போல நானும் கடைக்கு ஓடினேன். ஒருத்திக்கு நாலு பால் பாக்கெட், இரண்டு பாக்கெட் மாவு, இரண்டு பன்னீர், ஒரு வாரத்துக்கான காய். பிரிட்ஜில் ஏற்கெனவே அரைக் கிலோ மட்டன், வஞ்சிரம் முக்கால் கிலோ, துருவிய தேங்காய் நாலு டப்பா, உறைந்த பச்சைப் பட்டாணி ஒரு கிலோ இருந்தன. மட்டனும் மீனும் பையனுக்காக. செமஸ்டர் முடிந்து 9ஆம் தேதி வருவதாகச் சொல்லியிருந்தான். திங்கட்கிழமை அதிகாலை கரண்ட் போனது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டில் தண்ணீர் புகுந்து, அங்கே இருந்த ஆறு பேரும் சாமான்களோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். புயல் 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்து போய்விட்டது, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது 7ஆம் தேதி வியாழக்கிழமை மதியம்.

இதில் நான் செய்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன், மழைக்காலம் வருஷா வருஷம் வருகிறதே. கரண்ட் போனதும் மணிக்கொரு தரம் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தேன், ஐஸ் உருகுகிறதா என்று. திறக்கவே கூடாது. மூடியே வைத்திருந்தால் கீழ்ப் பகுதி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். ஃப்ரீசர் நிறைய இருந்தால் 48 மணி நேரம், பாதிதான் இருக்கிறது என்றால் 24 மணி நேரம் தாங்கும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி உறைய வைத்திருந்தால் இன்னும் நின்றிருக்கும், குடிக்கவும் ஆகியிருக்கும். ஆனால் இதையெல்லாம்விட என்னை இன்றைக்கும் உறுத்துவது ஒன்று உண்டு. என்னிடம் கேஸ் இருந்தது. சிலிண்டர் மாற்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஆறு பேரில் இரண்டு குழந்தைகள், முதல் நாள் பூராவும் பிரெட்டும் பிஸ்கட்டும் சாப்பிட்டார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன், சாம்பார் சாதம் கொடுத்தேன், மட்டனை எடுக்கவில்லை. பையனுக்கு வைத்தது ஆயிற்றே, கரண்ட் வந்துவிடும் என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தபோது வந்த வாடையிலேயே தெரிந்துவிட்டது. முதல் நாளே அடுப்பில் ஏற்றியிருந்தால் எட்டு வேளைச் சாப்பாடு. வீட்டில் இல்லாத ஒருவனுக்காக வைத்திருந்து, கண் எதிரே பசியோடு இருந்தவர்களுக்கும் ஆகாமல் போய்விட்டது. பையன் வந்தது 20ஆம் தேதிதான், அதுவும் வேறு கதை.

அந்தப் பைகளைக் கீழே கொண்டு போய் வைத்தேன். குப்பை வண்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை வரவில்லை. தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதே மாதிரிப் பைகள், ஈ மொய்த்துக்கொண்டு. நம் தெருவில் இருந்து வண்டி எடுத்துப் போவதோடு அது முடிவதில்லை, பெருங்குடி குப்பைக் கிடங்கிலோ கொடுங்கையூர் கிடங்கிலோ மலை மாதிரிக் குவிந்து, உள்ளே காற்றில்லாமல் அழுகி மீத்தேனாக வெளியேறும். பெருங்குடி பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள்தான் நான். அன்றைக்கு அந்த நாற்றம் என் வீட்டில் இருந்தே கிளம்பியதுபோல இருந்தது. அன்றைக்கு எடுத்த முடிவுதான் அடுத்த வினை. இனி ஒரு பருக்கையைக்கூடக் கொட்ட மாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 17 ஞாயிறு மதியம் வழக்கம்போல இரண்டு ஆழாக்கு வைத்தேன். சாப்பிட்டது ஒரு ஆழாக்கில் முக்கால் பங்குகூட இல்லை. மிச்சம் குக்கரிலேயே, மூடியபடி, மேடையில். சாயங்காலம் தூங்கி எழுந்து, தோசை சாப்பிட்டு, மறந்தே போனேன். காலையில் திறந்து பார்த்தேன், வாசனை ஒன்றும் தப்பாக இல்லை, லேசாக ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். முன்பு என்றால் கொட்டியிருப்பேன். சாமி முன்னால் சொன்னது நினைவுக்கு வந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கடலைப்பருப்பு தாளித்து, நன்றாகப் பிரட்டி எடுத்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு போனேன். ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். மூன்றரைக்கு முதல் வாந்தி. ஐந்து மணிக்குள் ஏழு தடவை. கூட வேலை செய்யும் பெண் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள், நேராக ஆஸ்பத்திரி. டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, எத்தனை மணிக்குச் சமைத்தது, எங்கே வைத்திருந்தது என்று கேட்டு, சோறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார்.

சூடு பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன். நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறோம். பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி அரிசியில் இருக்கும், அதன் வித்து கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மூடிக்கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும், அந்த நஞ்சு மறுபடி தாளித்தாலும் வதக்கினாலும் போகாது. கெட்ட வாசனை வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் 1 மணி நேரம்தான் கணக்கு. சென்னையில் சித்திரை வைகாசியில் சமையலறை அதைவிடச் சூடு. நான் இப்போது சாப்பிட்டு முடித்த கையோடு மிச்சச் சோற்றை அகலத் தட்டில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே இருபது நிமிஷம் வைத்து, டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிடுகிறேன். ஆழமான பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு ஆறவே ஆறாது. மறுநாளைக்குள் முடிக்கிறேன், ஒரு தடவைக்கு மேல் சூடு பண்ணுவதில்லை. அப்படியானால் பழைய சோறு எப்படி என்று என் அக்கா கேட்டாள். அத்தை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ராத்திரிச் சோறு சூடு ஆறினதும் மண்சட்டியில் போட்டு மூழ்க மூழ்க நல்ல தண்ணீர் ஊற்றுவார், விடிந்ததும் அது புளித்திருக்கும், காலையிலேயே மோர் விட்டுச் சாப்பிட்டு முடித்துவிடுவார், மதியம் வரை வைக்க மாட்டார். தண்ணீரில்லாமல் குக்கரில் பதினெட்டு மணி நேரம் மூடிக்கிடந்த என் சோறும் அதுவும் ஒன்றில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அத்தையைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் எதுவும் வீணாகாது என்று பெருமையாகச் சொல்வோம். ஏன் வீணாகவில்லை? பழையதை அவர் சாப்பிட்டார். நேற்றைய குழம்பைச் சுண்ட வைத்து அவர் சாப்பிட்டார். பையன் தட்டில் வைத்த பாதி தோசையை அவர் சாப்பிட்டார். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து நானும் கடைசி ஆளாக உட்கார்ந்து எது மீந்ததோ அதைத்தான் போட்டுக்கொண்டேன். என் அம்மா வீட்டில் பின்கட்டில் கழனித் தொட்டி இருந்தது, அரிசி கழுவிய தண்ணீரும் காய்த் தோலும் மாட்டுக்குப் போகும், மிச்சச் சோறு அம்மாவுக்குப் போகும். மீந்ததைத் தின்று தீர்ப்பதையும் வீட்டுப் பெண்ணின் வேலையாகவே வைத்திருந்தோம். அத்தை போனதும் அந்த வேலைக்கு நான் வந்தேன், ஆனால் ஒருத்தியால் இரண்டு ஆழாக்கைத் தீர்க்க முடியவில்லை. அதனால் இதைப் படிக்கிற பெண்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன், மீந்ததை நீங்கள் வயிற்றில் போட்டுக்கொண்டால் வீணாகவில்லை என்று கணக்கு எழுதாதீர்கள். பசியில்லாமல் தின்ற நாலு இட்லியும் கூடுதலாக ஊற்றிய நாலு இட்லிதான். அதை ஊற்றும் இடத்தில் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருகிறார். பல வருஷமாக மிச்சத்தை அவருக்குக் கொடுத்து வந்தேன். இரண்டு நாள் பிரிட்ஜில் இருந்த கூட்டு, மூன்று நாள் ஆன குருமா. கொட்டவில்லை, ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு ஒரு நிம்மதி. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு நடந்ததை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் தேய்த்துக்கொண்டிருந்தவர், “நானும் நீ குடுக்கறதுல பாதி நாள் தெருமுனையில கொட்டிட்டுத்தாம்மா போவேன். குடுக்கணும்னா சமைச்ச அன்னிக்கே குடும்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தலையை நிமிர்த்த முடியவில்லை. நான் சாப்பிடத் தயங்கும் ஒன்றை இன்னொருவருக்குக் கொடுத்து என் மனசைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதித்து இறக்கியவுடன், நான் சாப்பிடுவதற்கு முன்பே அவருக்கு ஒரு டப்பாவில் எடுத்து வைக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.

2024 ஜனவரி 1ஆம் தேதியில் இருந்து எட்டு வாரம் எடை போட்டேன். கணக்கு எழுதுவது என் தொழில், ஆனால் என் குப்பைக் கூடைக்குக் கணக்கு எழுத அதுவரை தோன்றவில்லை. 400 ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு, மூடி போட்ட சின்ன வாளி இரண்டு. ஒன்றில் தோல், கொட்டை, எலும்பு, டீத்தூள் போன்ற சாப்பிட முடியாதவை, இன்னொன்றில் சாப்பிட்டிருக்கக் கூடியவை. நோட்டில் மூன்று கட்டம்: என்ன, எவ்வளவு, ஏன். நீங்களும் செய்வதாக இருந்தால் அந்த ‘ஏன்’ கட்டத்தை விட்டுவிடாதீர்கள், மற்ற இரண்டைவிட அதுதான் உபயோகம். முதல் வாரம் மொத்தம் 3.4 கிலோ, அதில் சாப்பிடக் கூடியது 2.1 கிலோ. நான் ஒருத்தி. அந்த மார்ச்சில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உணவு விரய அறிக்கை வந்தது, இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ, உலக அளவில் சராசரி 79 கிலோ என்று இருந்தது, தோல் எலும்பையும் சேர்த்த கணக்கு அது. என் முதல் வார எடையை 52ஆல் பெருக்கினால் 177 கிலோ. ஹோட்டல்காரர்களும் கல்யாண மண்டபங்களும்தான் உணவை வீணாக்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதே அறிக்கையில் 2022இல் உலகத்தில் வீணான உணவில் 60 சதவீதம் வீடுகளில் இருந்து போனது என்று இருக்கிறது.

முதல் நாலு வாரத்தில் 7.2 கிலோ சாப்பிடக் கூடியது போயிருந்தது, பணமாகப் பார்த்தால் 1,050 ரூபாய் சுமார். அதில் சோறு 2.6 கிலோ, காய் 1.9, இட்லி மாவு 1.5, மீதி சில்லறை. ஆனால் இந்த 1,050 எனக்கு அதிர்ச்சி இல்லை. அதே நாலு வாரத்தில் ஆன்லைனில் 11 தடவை சாப்பாடு வரவழைத்திருக்கிறேன், 2,640 ரூபாய், அதில் 9 தடவை பிரிட்ஜில் சமைத்த சாப்பாடு இருந்திருக்கிறது. ‘ஏன்’ கட்டத்தில் திரும்பத் திரும்ப என் கையெழுத்தில் ஒரே வார்த்தை, ‘அலுப்பு’. ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து, நேற்றைய பொரியலைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட மனசு வராத அலுப்பு. சாப்பாட்டை வீணாக்குபவர்களுக்கு அதன் அருமை தெரியாது என்று எல்லோரும் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என் நோட்டில் அருமை தெரியாமை என்று எழுத ஒரு இடம்கூட அமையவில்லை. நேரம், தனிமை, அலுப்பு, பயம், பிரியம், இவைதான் இருந்தன. உங்கள் நோட்டில் வேறு வரலாம், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் நிச்சயம் வேறு வரும்.

காய் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போகிறேன், அப்போது எனக்கு நேரமும் இருக்கிறது, உற்சாகமும் இருக்கிறது. வாழைப்பூ, வாழைத்தண்டு, முளைக்கீரை, பாகற்காய் என்று உடம்புக்கு நல்லதெல்லாம் பையில் ஏறும். சமைக்க வேண்டியது புதன்கிழமை ராத்திரி. வாழைப்பூவை ஆய்ந்து நரம்பு எடுக்க அந்த நேரத்தில் கை ஓடாது. எட்டு வாரத்தில் வாங்கிய மூன்று வாழைப்பூவில் ஒன்றுகூட அடுப்பு ஏறவில்லை. கீரைக்கட்டு ஆறில் மூன்று போனது. வெண்டைக்காய், கத்தரிக்காய், முட்டைக்கோஸ் போனதே இல்லை. வாங்கும்போது என்ன விலை என்று பார்ப்பதோடு, ஆய எவ்வளவு நேரம், அந்த நேரம் எந்தக் கிழமையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இப்போது கீரையும் வாழைப்பூவும் வாங்கினால் அன்றைக்கே ஆய்ந்து சமைத்துவிடுகிறேன், இல்லையென்றால் தொடுவதில்லை. மீதிக் காய் புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் இருந்து வரும் வழியில் கால் கிலோ, அரைக் கிலோ. கிலோவுக்கு ஐந்து பத்து கூடத்தான், இருந்தும் மாதத்தில் மிச்சம்தான் ஆகிறது.

பிரிட்ஜில் நான் மாற்றியது இரண்டே விஷயம். ஒன்று, எவர்சில்வர் டப்பாக்களை எடுத்துவிட்டுக் கண்ணாடி டப்பா போட்டேன், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது இல்லாத மாதிரிதான். ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டித் தேதி எழுதுகிறேன். இரண்டு, நடுத் தட்டில் கண்ணுக்கு நேராக ஒரு தட்டு, இன்றைக்கு முடிக்க வேண்டியது மட்டும் அதில். வீட்டுக்குள் வந்ததும் போனை எடுக்கும் முன் அந்தத் தட்டைப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். தேங்காயைத் துருவி ஐஸ் டிரேயில் அமுக்கி உறைய வைத்தால் ஒரு சட்னிக்கு இரண்டு துண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். தக்காளி, வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் கீரையோ கொத்தமல்லியோ வைக்காதீர்கள், பழுக்கும்போது அவை விடும் வாயுவில் தழை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். மாவு எடுத்ததும் புளிக்காமல் உள்ளே வையுங்கள், ஒருத்திக்கு அரைக் கிலோ பாக்கெட் போதும், எவ்வளவு ஆஃபர் இருந்தாலும்.

ஆஃபர் என்றதும் ஞாபகம் வருகிறது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எடுத்த ரவை வண்டு வைத்துப் போனது, சேமியாவையும் சாம்பார் பொடியையும் தேதி தாண்டியது என்று மறுநாளே தூக்கிப் போட்டிருக்கிறேன். அந்தத் தேதிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்ததே இல்லை. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று இருந்தால் அது ருசியும் மணமும் குறையாமல் இருக்கும் காலம், சரியாக வைத்திருந்த உலர்ந்த பொருள் மறுநாள் விஷமாகிவிடாது, திறந்து பார்த்து, முகர்ந்து பார்த்து முடிவு பண்ணலாம். ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பைரி’ என்று இருந்தால் அதற்குப் பிறகு தொடக் கூடாது. நான் சேமியாவைத் தூக்கிப் போட்டேன், பதினெட்டு மணி நேரம் வெளியே கிடந்த சோற்றைச் சாப்பிட்டேன். பயப்பட வேண்டியது எதற்கு என்று தெரியாததால் வந்தது அது.

எட்டாவது வாரம் மொத்தம் 1.5 கிலோ, சாப்பிடக் கூடியது 300 கிராம். முழுக்கப் பூஜ்யம் ஆகவில்லை, ஆக்க வேண்டும் என்று இப்போது நினைப்பதும் இல்லை. சந்தேகமாக இருந்தால் கொட்டிவிடுகிறேன், கொட்டியதை நோட்டில் எழுதுகிறேன், சாமிக்கு முன்னால் சத்தியம் எதுவும் பண்ணுவதில்லை. ஆழாக்கை மாற்றவில்லை, அதே பித்தளை ஆழாக்குதான், ஒன்று. குக்கரை மட்டும் மாற்றினேன், பழைய ஐந்து லிட்டர் குக்கர் பரணில் இருக்கிறது, ஒன்றரை லிட்டர் ஒன்று வாங்கினேன். அதில் ஒரு ஆழாக்கு போட்டால் பாதி நிறைந்த மாதிரித் தெரிகிறது. இந்தச் செலவு 1,100 ரூபாய், நான் செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன், கைக்குச் சொல்லிப் புரிய வைப்பதைவிடப் பாத்திரத்தை மாற்றுவது சுலபமாக இருந்தது.

பையன் மே மாத லீவுக்கு வந்திருந்தபோது முதல் மூன்று நாளும் பெரிய குக்கரை இறக்கி மறுபடி மூன்று ஆழாக்கு. அவன் சாயங்காலம் பழைய நண்பர்களோடு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான், ராத்திரி பத்து மணிக்கு நான் சோற்றைத் தட்டில் பரப்பிக்கொண்டு நின்றேன். அவனிடம் கோபித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அப்புறம் அவனை நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே என்று தோன்றியது. நாலாம் நாளில் இருந்து ஆபீஸில் ஐந்து மணிக்கு டீ குடிக்கும்போது ஒரு மெசேஜ் போட ஆரம்பித்தேன், ராத்திரி வீட்டுச் சாப்பாடா என்று. பெரும்பாலும் ‘ரெண்டு தோசை போதும்மா’ என்று வரும். மஸ்கட்டில் இருந்து அவர் வந்திருந்த இருபது நாளும் அப்படியே கேட்டேன். அவருக்கு முதலில் பிடிக்கவில்லை, சொந்த வீட்டில் சாப்பிட ஆர்டர் கொடுக்க வேண்டுமா என்றார். ஒரு வாரம் கழித்து அவரே நாலரை மணிக்கு எனக்கு முன்னால் அனுப்பிவிடுவார், இன்றைக்கு ரசம் மட்டும் வை, மதியக் குழம்பு இருக்கிறதே என்று.